பாரிஸ் தீர்ப்பும் ஐந்து விநாடியும்

1989 அக்டோபர் 22ஆம் தேதி ஜப்பானின் சுசுகாவில் ஓடிய ஃபார்முலா ஒன் பந்தயத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எல்லோரும் மோதலைத்தான் சொல்வார்கள். அலன் ப்ரோஸ்ட் முன்னால் போகிறார். அயர்டன் சென்னா சிக்கேன் வளைவில் உள்பக்கமாக மூக்கை நுழைக்கிறார். ப்ரோஸ்ட் வழிவிடாமல் வண்டியைத் திருப்புகிறார். ஒரே அணியின் இரண்டு மெக்லாரன் கார்களும் சக்கரம் கோத்துக்கொண்டு நகர்ந்துபோய் நிற்கின்றன. தப்பு யார் மேல் என்று இன்றுவரை வாதம் ஓடுகிறது. ஆனால் அந்த மோதலுக்காக அன்று யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. சென்னாவின் வெற்றி பறிபோனது வேறொரு காரணத்துக்காக.

மோதியதும் ப்ரோஸ்ட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். சென்னா இந்தப் பந்தயத்தையும் அடுத்ததையும் ஜெயித்தால்தான் பட்டத்துக்கு ஆசைப்பட முடியும் என்ற நிலை. அவர் இறங்கவில்லை. ஓடிவந்த டிராக் ஊழியர்களிடம் தள்ளச் சொல்லிக் கையசைத்தார். தள்ளினார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. வளைவைச் சுற்றாமல், பக்கத்தில் இருந்த அவசரவழியாகவே ஓட்டி டிராக்குக்குத் திரும்பினார். முன்னிறக்கை உடைந்திருந்ததால் பிட்டுக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்து, அலெசாண்ட்ரோ நானினியைத் துரத்திப் பிடித்து முந்தி, முதல் ஆளாகக் கொடியைக் கடந்தார். ஆனால் மேடையின் உச்சியில் ஏறியது நானினி. சென்னா சிக்கேனை விட்டுவிட்டுப் போனார், ஆகவே தகுதிநீக்கம் என்று பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் முடிவெடுத்துவிட்டார்கள். நானினிக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஃபார்முலா ஒன் வெற்றி அதுதான்.

காரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நின்றுபோன காரைத் திருப்பி, எதிரே கார்கள் வரும் டிராக்கில் பின்னோக்கி ஓட்டி, சிக்கேனுக்குள் ஒழுங்காக நுழைந்திருக்க வேண்டுமா? அதைச் செய்திருந்தால் அதற்கும் தண்டனை உண்டு. மெக்லாரன் பாரிஸுக்கு அப்பீல் போனது. வேறு பந்தயங்களில் மற்ற ஓட்டுநர்கள் இதேபோல அவசரவழியில் புகுந்து தண்டனையில்லாமல் தொடர்ந்த காட்சிகளை அணித் தலைவர் ரான் டென்னிஸ் போட்டுக் காட்டினார். அப்பீலில் தீர்ப்பு மாறவில்லை; பெருத்தது. தகுதிநீக்கம் உறுதி. கூடவே 1,00,000 டாலர் அபராதம், ஆறு மாதத் தடை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட தடை. நியாயம் கேட்டுப் போனவர் கூடுதல் சுமையோடு திரும்பினார்.

மோட்டார் பந்தயத்தின் சர்வதேச அமைப்பின் தலைவர் ழான்-மரி பலெஸ்தர் பிரெஞ்சுக்காரர். பட்டம் போய்ச் சேர்ந்த ப்ரோஸ்டும் பிரெஞ்சுக்காரர். நீதிமன்றம் இருந்தது பாரிஸில். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தாலே ஒரு கதை தானாக உருவாகிவிடும். பட்டம் திட்டமிட்டு மாற்றப்பட்டது என்று சென்னா வெளிப்படையாகவே பேசினார். பேச்சைத் திரும்பப் பெறாவிட்டால் 1990க்கு உரிமம் கிடையாது என்றார் பலெஸ்தர். பிப்ரவரி வரை இழுத்தது. அடுத்த அக்டோபரில் அதே சுசுகா. முதலிடத்திலிருந்து கிளம்பும் கார் அழுக்கான பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் சென்னா ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தார். முதல் வளைவிலேயே, பிரேக்கை மறந்தவர் போல, அப்போது ஃபெராரியில் இருந்த ப்ரோஸ்ட் மீது நேராக ஏற்றினார். இருவரும் அவுட். பட்டம் சென்னாவுக்கு. தண்டனை எதுவும் இல்லை. 1991இல் சென்னாவே வாய்விட்டு ஒப்புக்கொண்டார், வேண்டுமென்றேதான் விலகவில்லை என்று. அந்த வருஷ அக்டோபரில் பலெஸ்தர் தேர்தலில் மேக்ஸ் மோஸ்லியிடம் தோற்றுப் பதவி இழந்தார்.

சிக்கேனைச் சுற்றாதவருக்குத் தகுதிநீக்கம். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எதிராளி மேல் ஏற்றியவருக்கு ஒன்றுமில்லை. இதை எந்த விதிப்புத்தகத்தாலும் விளக்க முடியாது. அன்றைய தண்டனைக்கு ஒரு முகம் இருந்தது. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். சென்னாவின் ரசிகர்கள் எந்தப் பிரிவின் கீழ் எந்த உட்பிரிவு என்று கேட்கவில்லை. பலெஸ்தர் ஏன் இப்படிச் செய்தார் என்றுதான் கேட்டார்கள்.

அதற்கும் முன்னால் போனால் காலமே வேறு நிதானத்தில் ஓடியது. 1976 ஜூலையில் பிரிட்டனின் பிராண்ட்ஸ் ஹேட்ச். கிளம்பிய உடனே முதல் வளைவில் குழப்பம், சிவப்புக்கொடி. கார் அடிபட்ட ஜேம்ஸ் ஹன்ட், மீதிச் சுற்றை முடிக்காமல் பின்வழியாகப் பிட்டுக்கு வந்துவிட்டார். விதிப்படி மறுபடி கிளம்ப முடியாது என்றார்கள். கூட்டம் கூச்சல் போட்டது, கையில் கிடைத்ததை வீசியது. கடைசியில் விட்டுவிட்டார்கள். ஹன்ட் ஜெயித்தார். ஃபெராரி விடவில்லை. பாரிஸில் தீர்ப்பு வந்தது செப்டம்பர் 24ஆம் தேதி, பந்தயம் முடிந்து இரண்டு மாதத்துக்கும் மேல். ஹன்டின் ஒன்பது புள்ளிகள் போயின, வெற்றி ஃபெராரியின் நிக்கி லவுடாவுக்கு. அதற்கு இடையில் லவுடா ஒரு பந்தய விபத்தில் நெருப்பில் கருகி, சாவின் வாசல்வரை போய், மீண்டும் வந்து காரில் உட்கார்ந்தே விட்டார். ஒரு மனிதர் செத்துப் பிழைத்து வரும் நேரத்தில் ஒரு பெனால்டி முடிவாகாமல் கிடந்தது. அந்த வருஷப் பட்டத்தை ஹன்ட் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 69க்கு 68 என்று, வென்றார். அந்த ஒன்பது புள்ளிகள் போயும் வென்றார் என்பதால்தான் இன்று இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

சிரிப்பதற்கென்றே நடந்தது 1998 சில்வர்ஸ்டோன் பந்தயம். பெருமழை. மஞ்சள்கொடி காட்டியிருக்கும்போது மைக்கேல் ஷூமாக்கர் அலெக்சாண்டர் வுர்ஸை முந்திவிட்டார். தண்டனை உறுதி. ஆனால் எந்தத் தண்டனை? ஸ்டூவர்டுகள் ஃபெராரிக்குக் கையால் எழுதிக் கொடுத்த தாளில் பத்து விநாடி என்று இருந்தது. பிட்டில் வந்து பத்து விநாடி நிற்க வேண்டுமா, கடைசியில் நேரத்தோடு பத்து விநாடி கூட்டப்படுமா என்பது அதில் தெளிவாக இல்லை. அதைவிட வேடிக்கை: குற்றம் நடந்து 25 நிமிடத்துக்குள் அணிக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி, தாள் போய்ச் சேர 31 நிமிடம் ஆகிவிட்டது. ஃபெராரி யோசித்தது. கடைசிச் சுற்றில் ஷூமாக்கரைப் பிட்டுக்குள் கூப்பிட்டது. முடிவுக்கோடு பிட் பாதைக்கும் குறுக்கே போகிறது. ஃபெராரியின் கொட்டகை அந்தக் கோட்டுக்கு அப்பால். ஆகவே தண்டனைக்காக வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே அவர் பந்தயத்தை ஜெயித்துவிட்டார். மெக்லாரன் அப்பீல் செய்தும் பலனில்லை. தண்டனை ரத்து, வெற்றி ஷூமாக்கருக்கே. மூன்று ஸ்டூவர்டுகள் தங்கள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு இந்த இரண்டு கதைகளும் சுசுகாவை விடப் பிடிக்கும். சுசுகாவில் சூழ்ச்சி இருந்ததா இல்லையா என்பது நம்பிக்கையைப் பொறுத்தது. இவற்றில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. கூட்டத்துக்குப் பயந்தவர்களும் கடிகாரம் பார்க்க மறந்தவர்களும்தான் இருக்கிறார்கள். ஸ்டூவர்டு வேலை பெரும்பாலும் சம்பளமில்லாத வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. கோடிக்கணக்கான பணம் புரளும் விளையாட்டில் பணம் வாங்காமல் தீர்ப்பு சொன்னவர்கள் அவர்கள்.

இனி 2019 ஜூன் 9, கனடாவின் மான்ட்ரியல். எழுபது சுற்றுப் பந்தயத்தில் நாற்பத்தெட்டாவது சுற்று. ஃபெராரியில் முன்னால் செபாஸ்டியன் வெட்டல், பின்னால் மெர்சிடிஸில் லூயிஸ் ஹாமில்டன். நான்காம் வளைவுக்கு முன் வெட்டலின் கார் சறுக்கிப் புல்லில் ஏறியது. புல்லிலிருந்து டிராக்குக்குத் திரும்பும்போது அவர் கார் வலதுபக்கச் சுவரை நோக்கி அகன்றது. அந்த இடுக்கில் நுழையப் பார்த்த ஹாமில்டன் பிரேக் அடித்தார். மோதல் இல்லை. பெயின்ட்கூட உரசவில்லை. ஸ்டூவர்டுகள் ஐந்து விநாடி போட்டார்கள்: ஆபத்தான முறையில் திரும்பினார், இன்னொரு காரை டிராக்கை விட்டு நெருக்கினார் என்று. வெட்டல் முதலில் கொடியைக் கடந்தார். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த ஹாமில்டன் ஜெயித்தார். கணக்கில் வித்தியாசம் 3.658 விநாடி.

பந்தயத்தைத் தங்களிடமிருந்து திருடுகிறார்கள் என்று வெட்டல் ரேடியோவில் கத்தியதை உலகமே கேட்டது. கார்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போனார். பிறகு திரும்பி வந்து, ஹாமில்டன் கார் முன்னால் இருந்த 1 என்ற பலகையைத் தூக்கி, தன் கார் நின்றிருக்க வேண்டிய காலி இடத்தில் வைத்து, 2ஐ ஹாமில்டன் காருக்கு முன்னால் நட்டுவிட்டுப் போனார். மேடையில் ஹாமில்டனுக்கு எதிராகக் கூட்டம் ஊளையிட்டபோது, லூயிஸைத் திட்டாதீர்கள், இந்த மாதிரி முடிவுகளைத் திட்டுங்கள் என்றார். நைஜல் மான்செல், மாரியோ ஆண்ட்ரெட்டி போன்ற பழைய சாம்பியன்கள் அன்றே அந்த முடிவைக் கண்டித்தார்கள்.

சுசுகாவையும் மான்ட்ரியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு புரியும். மான்ட்ரியல் ஸ்டூவர்டுகளிடம் பல கோணக் கேமரா, கார் எந்த நொடியில் எங்கே இருந்தது என்ற செயற்கைக்கோள் கணக்கு, வெட்டல் ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி திருப்பினார் என்ற பதிவு எல்லாம் இருந்தன. அவர்களில் ஒருவர் இமானுவேலே பிர்ரோ. முன்னாள் ஃபார்முலா ஒன் ஓட்டுநர், லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். புல்லிலிருந்து டிராக்குக்குத் திரும்பும் கார் கையில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த விதி, எந்தச் சுற்று, எந்த வளைவு, என்ன காரணம் என்று அச்சடித்த தாளும் வெளியானது. சுசுகாவில் இல்லாதது என்று எதையெல்லாம் குறை சொன்னோமோ அத்தனையும் இங்கே இருந்தது. அப்படியிருந்தும் சண்டை மூண்டது.

ஃபெராரி முதலில் அப்பீல் செய்வதாக அறிவித்தது. பந்தயத்துக்குள் போடப்பட்ட இந்த மாதிரி நேரத் தண்டனைக்கு அப்பீலே கிடையாது என்பதால் அதைக் கைவிட்டு, மறுஆய்வு கேட்டது. மறுஆய்வுக்கு ஒரு நிபந்தனை: முன்பு கிடைக்காத, புதிய, முக்கியமான, விஷயத்தோடு தொடர்புள்ள ஆதாரம் வேண்டும். இரண்டு வாரம் கழித்து பிரான்சின் பால் ரிகார்டில் விசாரணை. பெரிய ஆதாரம் இருக்கிறது என்று ஃபெராரி சொல்லியிருந்ததால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தவற்றில் ஒன்று, சென்னையின் கருண் சந்தோக் ஸ்கை தொலைக்காட்சியில் அந்தச் சம்பவத்தை அலசிய வீடியோ. கருண் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியவர், விஷயம் தெரிந்தவர், அலசலும் நன்றாகவே இருந்தது. ஆனால் உலகின் பணக்கார அணிகளில் ஒன்று, நூற்றுக்கணக்கான பொறியாளர்களை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சி விமர்சகரின் பேச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது என்றால், அதன் பக்கம் எவ்வளவு காலியாக இருந்தது என்பதை அதுவே காட்டிவிட்டது. அது புதியதுதான், ஆனால் மூன்றாம் நபரின் சொந்தக் கருத்து, ஆகவே முக்கியமான ஆதாரமல்ல என்று ஸ்டூவர்டுகள் தள்ளிவிட்டார்கள். வெட்டலின் முகத்தை நோக்கி வைத்த கேமராக் காட்சி உட்பட மற்றவையும் நிற்கவில்லை. ஏற்கெனவே இருந்தவற்றிலேயே அதெல்லாம் தெரிகிறது என்றார்கள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். விதியை அப்படியே படித்தால் அந்த ஐந்து விநாடி சரி. பந்தயமாகப் பார்த்தால் தப்பு. ஸ்டூவர்டுகளுக்கு நேர்மையின் குறையோ ஆதாரத்தின் குறையோ இல்லை. முன்னால் ஓடுபவர் தடுமாறினால் பின்னால் வருபவருக்கு எவ்வளவு இடம் கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்விக்கு ஒரு விநாடி எண்ணிக்கையில் பதில் சொல்லும்படி அவர்களை விதி கட்டிப்போட்டிருந்தது.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதற்கு இடைப்பட்ட சில வருஷங்களைத் தொட்டுக் காட்டலாம். 2008 பெல்ஜியத்தில் ஹாமில்டன் சிக்கேனை வெட்டிக்கொண்டு முன்னேறினார், இடத்தைத் திருப்பிக் கொடுத்தார், அடுத்த வளைவிலேயே மறுபடி முந்தினார், ஜெயித்தார். பந்தயம் நடக்கும்போதே அவருடைய அப்போதைய அணியான மெக்லாரன், பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங்கிடம் இது போதுமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தது. பந்தயத்துக்குப் பிறகு ஸ்டூவர்டுகள் 25 விநாடி கூட்டினார்கள். வெற்றி ஃபெலிப்பே மாசாவுக்குப் போனது. அப்பீல் நீதிமன்றம், இந்த வகைத் தண்டனையின்மேல் அப்பீலே நிற்காது என்று உள்ளே நுழையவிடாமலே அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டு மெல்போர்னில் அதற்கு நேரெதிர்: ஜார்னோ ட்ருல்லிக்குத் தண்டனை போட்டார்கள், சில நாள் கழித்து மெக்லாரனின் ரேடியோப் பதிவைப் போட்டுக் கேட்டபோது ஹாமில்டனும் அணியும் ஸ்டூவர்டுகளிடம் உண்மையை மறைத்தது தெரிந்தது. ட்ருல்லிக்கு மூன்றாமிடம் திரும்பியது, ஹாமில்டன் தகுதிநீக்கம். அந்த ரேடியோ இல்லாத காலத்தில் எத்தனை ட்ருல்லிகள் வாயடைத்துப் போயிருப்பார்களோ.

2010இல் பெரிய மாற்றம். ஸ்டூவர்டு குழுவில் ஒரு முன்னாள் ஓட்டுநர் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. முதலில் உட்கார்ந்தவர் ப்ரோஸ்ட். சுசுகா சிக்கேனில் வண்டியைத் திருப்பிய அதே ப்ரோஸ்ட். அந்த வருஷம் மொனாக்கோவில் முறை டேமன் ஹில்லுக்கு வந்தது. கடைசிச் சுற்றில் சேஃப்டி கார் உள்ளே போனதும் ஷூமாக்கர் ஃபெர்னாண்டோ அலோன்சோவை முந்தினார்; 20 விநாடி போட்டு ஆறாமிடத்திலிருந்து பன்னிரண்டாமிடத்துக்குத் தள்ளினார்கள். 1994 அடிலெய்டில் இதே ஷூமாக்கர் இதே ஹில்லின் மேல் மோதி, ஒரே புள்ளியில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அன்று அவருக்குத் தண்டனை இல்லை. பழைய பாக்கியை ஹில் வசூலித்துக்கொண்டார் என்று பேசாத வாய் இல்லை. முடிவு நாலு பேர் சேர்ந்து எடுத்தது, விதியும் அவர்கள் பக்கமே நின்றது. ஆனாலும் தண்டனையின் முகத்தைத் தேடும் பழைய வழக்கம் அத்தனை சீக்கிரம் போய்விடாது.

2014இல் ஐந்து விநாடி வந்தது. சின்னக் குற்றத்துக்குச் சின்னத் தண்டனை என்பது நல்ல எண்ணம்தான். முன்பு பிட் பாதை வழியாக ஒருமுறை ஓட்டிப் போகச் சொன்னால் இருபது விநாடிக்கு மேல் போகும், அதோடு பந்தயமே போகும். ஆகவே ஸ்டூவர்டுகள் கை நடுங்கும், பல குற்றங்கள் கண்டுகொள்ளாமல் விடப்படும். ஐந்து விநாடிக்குக் கை நடுங்காது. அதே வருஷம் ஓட்டுநர் உரிமத்தில் புள்ளி போடும் முறையும் வந்தது: பன்னிரண்டு மாதத்துக்குள் பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை.

சின்னத் தண்டனை என்றதும் அணிகள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தன. பின்னால் வருபவரைவிட ஐந்து விநாடிக்கு மேல் முன்னால் இருந்தால் தண்டனை இலவசம். 2024 சவுதி அரேபியாவில் ஹாஸ் அணி இந்தக் கணக்கை உச்சத்துக்குக் கொண்டுபோனது. கெவின் மாக்னுசனுக்கு இரண்டு பத்து விநாடிகள் ஏற்கெனவே விழுந்துவிட்டன. அவர் பந்தயம் முடிந்த மாதிரிதான். ஆகவே பின்னால் வந்த கார்களை வழிமறித்து மெல்ல ஓட்டி, முன்னால் போன சகா நிக்கோ ஹுல்கன்பர்க் பிட்டுக்குள் போய்வர இடைவெளி உண்டாக்கிக் கொடுத்தார். ஹுல்கன்பர்க் பத்தாமிடம், ஒரு புள்ளி. இருபது விநாடி கொடுத்து ஒரு புள்ளி வாங்கினார்கள். அது தண்டனை அல்ல, விலை. அதே மாக்னுசன் அந்த வருஷமே பன்னிரண்டு உரிமப் புள்ளிகளை எட்டி, இந்த முறை வந்தபின் தடை வாங்கிய முதல் ஓட்டுநர் ஆனார். அவர் ஓட்ட முடியாமல் போன அஜர்பைஜான் பந்தயத்தில் ஆலிவர் பேர்மன் அந்தக் காரை ஓட்டினார்.

விலை கூடியது. டிராக்கை விட்டு வெளியே போய் முந்தினால் ஐந்துக்குப் பதில் பத்து என்று வழிகாட்டுதல் மாறியது. அந்தப் பின்னணியில் 2024 அக்டோபர் ஆஸ்டின் பந்தயத்தின் தீர்ப்புத் தாளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் இரக்கமும் வந்தது. பன்னிரண்டாம் வளைவில் மெக்லாரனின் லாண்டோ நாரிஸ் வெளிப்பக்கமாக மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை முந்தப் பார்த்தார். இருவருமே டிராக்குக்கு வெளியே போனார்கள். நாரிஸ் முன்னால் வந்தார். ஐந்து விநாடி, மூன்றாமிடம் வெர்ஸ்டாப்பனுக்கு. பத்து போட வேண்டியது, வெர்ஸ்டாப்பன் அத்தனை நெருக்கத்தில் இருந்ததாலும் அவரும் வெளியே போனதாலும் நாரிஸுக்கு வேறு வழி அதிகம் இல்லை, அதனால் ஐந்து என்கிறது தாள். வேறு வழியில்லாதவர் என்று அவர்களே சொல்கிறார்கள், சொல்லிவிட்டுத் தண்டிக்கிறார்கள். வெளிப்பக்கமாக முந்துபவரின் கார் வளைவின் உச்சியில் முன்னால் இருந்தால்தான் அவருக்கு இடம் உண்டு என்பது வழிகாட்டுதல். ஆகவே உள்பக்கம் இருப்பவர் பிரேக்கைத் தாமதித்து எப்படியாவது அந்த உச்சியை முதலில் தொட்டுவிட்டால் போதும், பிறகு வளைவுக்குள் நிற்க முடியாமல் வெளியே போனாலும் உரிமை அவருடையது. வெர்ஸ்டாப்பனுக்கு அந்த விதியின் ஒவ்வொரு சந்தும் தெரியும். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். சந்தை விட்டுவைத்தவர்கள் யார்?

மெக்லாரன் மறுஆய்வு கேட்டது. புதிய ஆதாரம் எது தெரியுமா? ஸ்டூவர்டுகள் எழுதிய தீர்ப்புத் தாளேதான். அதில் நாரிஸை முந்த வந்தவர் என்று தவறாக எழுதியிருக்கிறார்கள், அவர் அதற்குள் முந்திவிட்டார், வெர்ஸ்டாப்பன்தான் திரும்ப முந்த வந்தவர், அந்தத் தவறே புதிய ஆதாரம் என்று வாதாடினார்கள். வாதம் எடுபடவில்லை. அடுத்த வாரமே மெக்சிகோவில் அதே நாரிஸுக்கு எதிராக அதே மாதிரி ஓட்டிய வெர்ஸ்டாப்பனுக்கு இரண்டு பத்து விநாடிகள் விழுந்தன. 2025 ஜூனில், அதுவரை அணிகளும் ஓட்டுநர்களும் மட்டுமே பார்த்து வந்த அந்த வழிகாட்டுதல்களைச் சர்வதேச அமைப்பு பொதுவில் வெளியிட்டது. இப்போது ரசிகரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வளைவின் உச்சியில் முன்சக்கரம் எங்கே இருந்தது என்று காட்சியை நிறுத்திப் பார்க்கிறார். பலெஸ்தரைத் திட்டியவர்களின் பிள்ளைகள் உட்பிரிவைத் திட்டுகிறார்கள்.

இவ்வளவு பேசியதில் ஒன்று விட்டுப்போகிறது. சர்ச்சைக்குரிய பெனால்டி என்று பேர் வாங்கவே ஒரு தகுதி வேண்டும். 2012 மலேசியாவில் கோவையின் நரேன் கார்த்திகேயன் கடைசி வரிசை அணியான ஹெச்ஆர்டியில் ஓட்டிக்கொண்டிருந்தார். நான்காமிடத்தில் இருந்த வெட்டல் அவரை ஒரு சுற்று முந்திப் போகும்போது உரசல். வெட்டலின் டயர் கிழிந்தது, புள்ளிகள் போயின. முந்தியவர் சீக்கிரமே உள்ளே திரும்பினார் என்று அன்று பார்த்தவர்களில் பலருக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான். ஸ்டூவர்டுகள் கார்த்திகேயனுக்கு 20 விநாடி போட்டார்கள். வெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று திட்டியது உலகச் செய்தியானது. அந்த 20 விநாடி நியாயமா என்பது யாருக்கும் செய்தியாகவில்லை. ஏழு வருஷம் கழித்து அதே வெட்டலுக்காக இன்னொரு தமிழ்நாட்டுக்காரரின் வீடியோவை ஃபெராரி தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஹெச்ஆர்டியோ 2012 கடைசியிலேயே கடையை மூடிவிட்டது.

மறுஆய்வு என்ற கதவு முழுக்கச் சாத்தப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2023 சவுதியில் அலோன்சோவின் மூன்றாமிடத்தைப் பறித்தார்கள். பிட்டில் தண்டனைக்காக நின்றபோது ஜாக்கி காரைத் தொட்டது, அது வேலை செய்ததாகும் என்று காரணம். முன்பு இதே மாதிரி தொட்டபோது தண்டிக்காத காட்சிகளை அவருடைய அணியான ஆஸ்டன் மார்ட்டின் எடுத்துக் காட்டியது. அன்றிரவே மூன்றாமிடம் திரும்பியது. 1989இல் பாரிஸில் ரான் டென்னிஸ் காட்டியதும் இதே வகை ஆதாரம்தான். அன்று அதற்கு மேல் தண்டனை கிடைத்தது, இன்று கோப்பை கிடைத்தது. வேகம், சாட்சி, ஒளிவுமறைவின்மை ஆகிய மூன்றிலும் இன்றுதான் மேல், சந்தேகமில்லை.

ஆனால் 2025 ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் கார்லோஸ் சைன்ஸும் லியம் லாசனும் உரசிக்கொண்டார்கள். சைன்ஸுக்குப் பத்து விநாடி, உரிமத்தில் இரண்டு புள்ளி. வில்லியம்ஸ் அணி மறுஆய்வு கேட்டது. பந்தயத்தின்போது கிடைக்காத கேமராக் காட்சிகள் பிறகு வந்திருந்தன. பார்த்தார்கள். யார் மேலும் முழுக்கத் தப்பில்லை, பந்தயத்தில் நடக்கக்கூடியதுதான் என்று ஸ்டூவர்டுகள் தங்கள் தீர்ப்பைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். உரிமப் புள்ளி இரண்டும் அழிக்கப்பட்டன. பத்து விநாடியை சைன்ஸ் பந்தயத்துக்குள்ளேயே கட்டிவிட்டார். கட்டிய நேரத்தைத் திருப்பித் தர விதியில் இடமில்லை. பதின்மூன்றாமிடம் பதின்மூன்றாமிடமாகவே நின்றது.